சிவப்பு வண்டியும் நீல வண்டியும்

பெண் அழைப்புக்கு நான் கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் வந்து இறங்கியது ஒரு சிவப்பு டிராக்டரின் டிரெய்லரிலிருந்து. எண்பத்தொன்பதாம் வருடம். கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் அண்டா குண்டான், நடுவில் நான். ஓட்டி வந்தவர் என் அண்ணன். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டதால் எனக்கு அப்பாவும் அவர்தான், பிறந்த வீடும் அவர்தான். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். அண்ணன் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தங்கையைக் கட்டிக்கொள்ளப் போகிறவரைப் பார்த்து முதல் வார்த்தையாகச் சொன்னது இதைத்தான்.

“பாத்தீங்களா மாப்ள? ஊர்ல ஒரு தடவை சாவி திருப்பினதுதான். வழில எங்கயும் மக்கர் பண்ணல.”

“வண்டி நல்லாத்தான் இருக்குது மச்சான். ஆனா மேடு ஏறும்போது மூச்சு வாங்குதே. இங்க வரைக்கும் கேட்டுச்சு” என்றார் என் கணவராகப் போகிறவர்.

நான் டிரெய்லரிலிருந்து இறங்க ஒரு கை கொடுப்பார் யாருமில்லாமல் பட்டுப் புடவையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் வண்டியின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனி என் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்கலாம். புரிந்திருந்தாலும் என்ன செய்திருக்கப் போகிறேன்.

இரண்டு வருடத்துக்குள் என் கணவர் ஒரு நீல டிராக்டர் வாங்கினார். அதுவும் பழையது, யாரோ ஓட்டித் தேய்த்தது. கம்பெனிப் பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் யாரும் சொன்னதும் இல்லை. சிவப்பு என்றால் அண்ணனுடையது, நீலம் என்றால் எங்களுடையது, அவ்வளவுதான். இரண்டுமே அப்போதே பழைய மாடல்கள். புது மாடல்கள் கடைத்தெரு ஷோரூம்களில் பளபளவென்று நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பற்றி இவர்களுக்குப் பேச்சே கிடையாது. ஊரில் இருக்கிற டிராக்டர் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றுதான் என்பது போலத்தான் பேசுவார்கள்.

வேண்டாம் வேண்டாம் என்றாலும் காதில் விழுந்து விழுந்து, அந்த இரண்டு வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. சிவப்பு வண்டி மார்கழிக் குளிரிலும் ஒரே திருப்பில் கிளம்பும். டீசல் கம்மியாகக் குடிக்கும். சின்னக் கழனியில் வரப்பு உடையாமல் திரும்பும். ஏதாவது தேய்ந்து போனால் திருவண்ணாமலையில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். ஆனால் பின்னால் கலப்பையைத் தூக்கிப் பிடிக்கும் லிஃப்ட் அதற்கு வலுவில்லை. தூக்கி நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் கலப்பை மெல்ல மெல்லத் தரைக்கு வந்திருக்கும். நீல வண்டியின் லிஃப்ட் அப்படியில்லை, ராத்திரி தூக்கி வைத்தது காலையிலும் அப்படியே நிற்கும். வேர்க்கடலைச் செடியை அள்ளி அள்ளிப் போட்டாலும் காய் பிரிக்கிற மெஷினைத் திணறாமல் சுழற்றும். கடினமான மண்ணில் சிவப்பு இரண்டு சால் ஓட்டுவதை இது ஒரே சாலில் முடித்துவிடும். ஆனால் டீசல் ஜாஸ்தி. கிளட்சை மிதித்து மிதித்து என் கணவரின் இடது முழங்கால் நாற்பது வயதுக்கு முன்பே தேய்ந்துபோனது. சேற்றில் இறங்கினால் கனத்துக்கு அப்படியே புதையும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது காலையில் எழுந்திருக்காது.

இதற்காகவே வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மேட்டில் ஏற்றித்தான் அதை நிறுத்துவார். பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். காலையில் அவர் மேலே ஏறி உட்கார்ந்ததும் கல்லை எடுப்பது என் வேலை. வண்டி சரிவில் உருளும், கியரில் போட்டு விடுவார், நாலு உலுக்கு உலுக்கிக் கருப்பாகப் புகை விட்டுக்கொண்டு கிளம்பும். தோசைக் கரண்டியோடு ஓடிப் போய்க் கல் எடுத்திருக்கிறேன். தலைக்குக் குளித்த ஈரத்தோடு எடுத்திருக்கிறேன். ஒரு நாள் ஆள் வைத்துத் தள்ளி மூன்று முறை மேடேற்றி உருட்டியும் கிளம்பாதபோது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“உங்க அண்ணன் வண்டி மாதிரி காலைல எழுந்துக்கினா போதும். வேற இன்னா கேக்கப் போறேன் இத. அவருகிட்ட சொல்லிடாத.”

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் கீழ்பென்னாத்தூரில் கிடா வெட்டியிருப்பார்.

பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பி வரிசை கொண்டு வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, கரும்பு, ஒரு புடவை. பஸ்ஸில் கொண்டு வருகிறவர்கள் உண்டு, சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. என் அண்ணன் ஒரு புடவைக்கும் ஒரு கட்டுக் கரும்புக்கும் டிராக்டரையும் டிரெய்லரையும் ஓட்டிக்கொண்டு வருவார். தெருமுனையில் சத்தம் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பெண்கள், “உங்க அண்ணன் வராரு பாரு” என்பார்கள். அதைக் கேட்கிற சுகம் கட்டிக்கொடுத்த பெண்களுக்குத்தான் தெரியும். பெரிய வரிசை ஒன்றும் இல்லை. ஆனால் நமக்கு ஆள் இருக்கிறது என்று தெருவுக்கே தெரிகிறதே.

அப்படி வந்த ஒரு பொங்கலில்தான் அது நடந்தது. காணும் பொங்கல் அன்று மத்தியானம், கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, எது வலுவான வண்டி என்ற பேச்சு வழக்கம்போல ஆரம்பித்தது. வழக்கம்போல முடியவில்லை. யாரோ ஒருவர், “பேசிக்கினே இருக்கறதுக்கு ரெண்டு வண்டியையும் பின்பக்கமா கட்டி இழுத்துப் பாத்துடுங்களேன்” என்றார். அவ்வளவுதான். இரண்டு வண்டிகளையும் ஊருக்கு வெளியே உழாமல் கிடந்த கரம்புக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டுக்கும் பின்னால் சங்கிலி போட்டுப் பிணைத்து ஆளுக்கொரு திசையில் முகம் வைத்து நிறுத்தினார்கள். ஊரே கூடிவிட்டது. மாடு விடுகிற திருவிழாவுக்குக் கூட அத்தனை கூட்டம் இல்லை. நான் இடுப்பில் மகளோடு தூரத்தில் நின்றிருந்தேன். யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை. சங்கிலி அறுந்து யார் மண்டையிலும் அடிக்காமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

முதலில் இரண்டும் அசையவில்லை. பிறகு சிவப்பு வண்டியின் முன்சக்கரங்கள் தரையிலிருந்து மெல்லத் தூக்கிக்கொண்டன. பின்சக்கரங்கள் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே சுற்றின. நீல வண்டி அதைப் பின்னோக்கி இழுக்க ஆரம்பித்தது. அண்ணன் விட்டிருக்கலாம். விடவில்லை. கிளட்ச் கருகிப் புகை வரும்வரை மிதித்துக்கொண்டே இருந்தார். ஒரே திருப்பில் கிளம்புகிற வண்டி அன்றைக்குக் கிளம்பவில்லை. திருவண்ணாமலை ஒர்க்‌ஷாப் வரைக்கும் அதை இழுத்துக்கொண்டு போனது நீல வண்டிதான். அண்ணன் தன் வண்டியின் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்து, கிரிவலப் பாதை முழுக்க எல்லோரும் பார்க்க இழுபட்டுக்கொண்டு போனார். என் கணவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததைத்தான் என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவரிடம் பல முறை சொல்லியிருக்கிறேன்.

அதோடு போயிருந்தால் மறுபொங்கலுக்குள் ஆறியிருக்கும். சில மாதம் கழித்து அண்ணன் டவுனில் பஞ்சர் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் பேச்சுவாக்கில், “உங்க மாப்ள வண்டிக்குப் பொங்கலுக்கு முன்னாடி நான்தான் பின் டயர்ல தண்ணி ஏத்தினேன்” என்று சொல்லிவிட்டார். காய்ந்த மண்ணில் சக்கரம் வழுக்காமல் இருக்க டயருக்குள் தண்ணீர் ஏற்றுவது உண்டு. வண்டி கனக்கும், பிடிப்பு கிடைக்கும். என் கணவர் ஏற்றியது உழவுக்காகத்தான், போட்டிக்காக இல்லை. ஆனால் போட்டி அன்று அதைச் சொல்லவும் இல்லை. அண்ணன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: “தண்ணி இழுத்ததை வண்டி இழுத்துச்சுனு சொல்ற ஆளு வூட்டுல எனக்கு இன்னா வேலை?” என் கணவர் சொன்ன பதில்: “சக்கரத்துல இன்னா இருக்குதுனு அவரு கேட்டாரா?”

அடுத்த பொங்கலுக்கு வரிசையை அண்ணி மட்டும் பஸ்ஸில் கொண்டு வந்தாள். வாசலிலேயே வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்கடுத்த பொங்கலுக்கு அதுவும் இல்லை. நான் காலையிலிருந்து தெருமுனையைப் பார்த்துப் பார்த்துக் கோலத்தைக் கூட ஒழுங்காகப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி, “இன்னா, உங்க அண்ணன காணோம்?” என்று கேட்டபோது வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் நாள் விடியற்காலையில் வாசலில் ஒரு கட்டுக் கரும்பும் மஞ்சள் கொத்தும் இருக்கும். என் கணவர் கொண்டுவந்து போட்டதுதான். நான் அண்ணன் அனுப்பியது என்று தெருவுக்குச் சொல்வேன். அவர் கேட்டுக்கொண்டே மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கரும்பைக் கடிக்க எனக்குப் பிடிக்காது. கரும்பைக் கொண்டுவந்து போடத் தெரிந்தவருக்கு ஒரு பஸ் ஏறிப் போய் மச்சானைக் கூப்பிடத் தெரியவில்லை.

நீயாவது போயிருக்கலாமே என்று கேட்கலாம். போயிருக்கலாம்தான். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். கூப்பிடாத வீட்டுக்குப் போக எனக்கும் ரோஷம். வருடங்கள் அப்படியே ஓடின. பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகியது. அன்றைக்கு டிராக்டர் கிரிவலப் பாதையைத் தாண்டிக் கழனிக்குப் போகவே முடியாது. நான் வாசலில் மோரும் தண்ணீர் பாக்கெட்டும் விற்கும் கடை போட்டேன். விடிய விடியச் சனம் நடந்துகொண்டே இருக்கும். சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறார்கள், கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் வரமாட்டேன் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டு சில்லறை கொடுப்பேன். கால் வலிக்கும். மனசும்தான்.

மகள் பெரியவளானாள். தாய்மாமன் பச்சை ஓலை கொண்டு வந்து குடிசை கட்டி, அதில் பெண்ணை உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாய்மாமன் இல்லாத வீட்டில் தூரத்து உறவில் யாராவது முறைக்கு நிற்பார்கள். என் அண்ணன் உயிரோடு இருக்கும்போது என் மகளுக்கு வேறு யாரோ ஓலை போடுவதா என்று அன்று நான் அழுத அழுகை எனக்கே புதிது. என் கணவர் என்னைக் கூட்டிக்கொண்டு டெலிபோன் பூத்துக்குப் போனார். வெளியே நின்றுகொண்டார். அண்ணிதான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்பட்டாள், அண்ணன் வருவார் என்று மட்டும் சொல்லவில்லை.

“அண்ணனுக்கு இன்னும் கோவமா அண்ணி?”

“கோவமெல்லாம் எப்பவோ போச்சு மா. வர்றதுக்குத்தான் அவருக்கு ஒரு மாதிரியா இருக்குது. நான் சொல்றேன்.”

ஒரு மாதிரி என்றால் கோபம்தான், அண்ணி பூசி மெழுகுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சடங்கு அன்று காலை வெயில் ஏறிவிட்டது. பந்தலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். என் கணவர் வழிப் பெண்கள், “நேரம் போவுதே, முறைக்கு வேற யாரையாவது நிக்க வெக்கலாமா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். அப்போது நீல வண்டியின் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போகிறார் இந்த மனுஷன் என்று எரிச்சலோடு திரும்பினால், அவர் கையில் வாழைத்தாரோடு என் எதிரிலேயே நின்றுகொண்டிருக்கிறார். எங்கள் வண்டி மேட்டில், சக்கரத்துக்கு அடியில் கல்லோடு, அசையாமல் நிற்கிறது. சத்தம் தெருமுனையிலிருந்து வருகிறது. பத்து வருடத்துக்கு மேல் காலையும் மாலையும் கேட்ட சத்தம். எனக்கே தெரிந்துவிட்டது என்றால் அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

முனை திரும்பி வந்தது ஒரு சிவப்பு வண்டி. தடிமனாக அடித்த பெயிண்ட். வண்டியின் முகமே தெரியாத அளவுக்கு முன்னால் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டியிருந்தது. சீர் வண்டிக்கு அலங்காரம் வழக்கம்தான், ஆனால் அது ரொம்ப ஜாஸ்தி. பின்னால் டிரெய்லர் நிறைய ஓலையும் வரிசைத் தட்டுகளும், நடுவில் அண்ணி. “தாய்மாமன் வந்துட்டாரு!” என்று பந்தலே எழுந்தது. அண்ணன் தலை நரைத்துப் போய் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். யாரையும் பார்க்கவில்லை, என் கணவரை மட்டும் பார்த்தார். ஏறி இறங்குகிற படியில், செருப்பு உரசி உரசிச் சிவப்பு உதிர்ந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம் தெரிந்தது.

டிராக்டர் ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் காதைச் சாய்த்துக்கொண்டு, “இன்னாங்க, இது சிவப்பு வண்டி சத்தம் மாதிரி இல்லியே” என்றார். அன்றைக்குக் கிரிவலப் பாதையில் திரும்பிப் பார்த்துச் சிரித்த மனுஷன்தானே இவர். ஊரே கூடியிருக்கிறது. ஒரு வார்த்தை போதும். அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார், பிறகு செத்தாலும் வரமாட்டார்.

என் கணவர் வாழைத்தாரைக் கீழே வைத்தார். போய் வண்டியின் மட்கார்டில் கையை வைத்தார்.

“வயசான வண்டின்னா சத்தம் மாறாதா? சைலன்சர் போயிருக்கும்” என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். பிறகு பந்தலுக்கே கேட்கிற மாதிரி, “இத்தினி வருஷம் ஆச்சு, இன்னும் வழில எங்கயும் நிக்காம வந்து சேந்துச்சு பாத்தீங்களா? சிவப்பு வண்டின்னா அதான். வாங்க மச்சான்” என்றார்.

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியைக் கொண்டுபோய் எங்கள் வண்டிக்குப் பக்கத்தில், அதே மேட்டில் ஏற்றி நிறுத்தினார். என் கணவர் நொண்டிக்கொண்டே பின்னால் போய், ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து, அதன் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அண்ணன் சீட்டிலிருந்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஓலை கட்டும்போது அண்ணன் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். சண்டை போட்ட அடுத்த வருடமே பழைய வண்டி எஞ்சின் போய்விட்டது. ஆழமாக உழ வலுவான வண்டி தேவைப்பட்டது. கைக்கு எட்டிய விலையில் கிடைத்தது இந்த நீல வண்டிதான். “ஓட்டிப் பாத்தேன் மா. இழுக்குது. தண்ணி ஏத்தாமலே இழுக்குது. கோவம் அந்த வருஷத்தோட போச்சு. அதுக்கப்புறம் வெக்கம்தான். பெயிண்ட் மாத்திட்டேன், சத்தத்த இன்னா பண்றது? மாப்ளைக்குத் தெரிஞ்சிடுமே.”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது ஆத்திரம். நான் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை பொங்கலிலும் இவர்கள் இரண்டு பேரும் ஒரே வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். “ஒரு டப்பா பெயிண்ட்டுக்காகவா ண்ணா என்ன அப்டி வுட்டுட்டே?” என்று கேட்டேன். அவர் ஓலையைப் பின்னிக்கொண்டே இருந்தார். அதற்குமேல் கேட்க எனக்குத் தெம்பில்லை. என் மகள் உள்ளே மஞ்சள் பூசிக்கொண்டு காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு பொங்கலுக்கு மட்டுமல்ல, நினைத்தபோதெல்லாம் வந்தார். ஆட்கள் முன்னால் சிவப்பா நீலமா என்ற சண்டை பழையபடியே நடக்கும். என் கணவர் ஒரு நாளும் காட்டிக்கொடுக்கவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் இல்லை. இப்போதும் பழைய டிராக்டர்களில் எது நல்லது என்று யாராவது கேட்டால், “சிவப்புதான். எங்க மச்சான் வண்டி மாதிரி வராது” என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தடவிக்கொள்வார்.

அந்த வருடங்களில் எனக்கு ஒரு கஷ்டம் இருந்தது. இரண்டு வண்டிக்கும் ஒரே சத்தம் என்பதால், தெருமுனையில் கேட்டால் கழனியிலிருந்து கணவர் வருகிறாரா, ஊரிலிருந்து அண்ணன் வருகிறாரா என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று உலையில் ஒரு ஆழாக்கு அரிசியைக் கூடப் போட்டுவிடுவேன். எங்கள் வண்டியை விற்றாகிவிட்டது. வாங்கியவர் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் இருக்கிற விடுதிகளுக்கு அதில் தண்ணீர் டேங்க் இழுக்கிறார். தினமும் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். சத்தம் கேட்டதும் கை தானாக அரிசிப் பானைக்குள் போய்விடுகிறது. சோறு மிஞ்சுகிறது. தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் காலையில் நானே சாப்பிட்டுவிடுகிறேன்.